முப்புரி இழையும் முழங்கால் தமனியும்

ஒரகடத்து ஆலையில் உருவாகும் டயரின் உறுதி ரப்பரில் மட்டுமன்று. உள்ளே பின்னிய இழைகளிலும் உள்ளது. இழை நைந்தால் டயர் புடைக்கும். தமனியும் அத்தகையதே.

1785-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர், ஒரு வண்டியோட்டியின் முழங்காலுக்குப் பின்னே புடைத்திருந்த தமனியை, மேலே தொடையில் நலமாயிருந்த பகுதியில் கட்டினார். கிளைக் குழாய்கள் வழியே குருதி பாய்ந்தது, கால் பிழைத்தது.

நலமான பகுதியே இல்லாதவர்க்கு என் செய்வது? ஏலர்ஸ்-டான்லோஸ் என்னும் பரம்பரைக் கோளாற்றின் ஒரு வகையில் தமனிச் சுவர் எங்கும் நலிந்திருக்கும். தைக்கும் இடமே கிழியக்கூடும்.

காரணம் அறியச் சென்னைக்கு வருவோம். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போன்றது எனக் காட்டினர். புரிகள் நெருங்கிப் பின்ன, ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் மிகச் சிறிய கிளைசினாக இருத்தல் வேண்டும். மேற்சொன்ன நோயாளர் பலரிடம், தமனிச் சுவரின் கொலாஜனில் அத்தகைய ஒரு கிளைசின் மாறியிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் கண்டன.

ஆகவே இன்றைய மருத்துவர் அவர்களுக்கு இயன்றவரை கத்தியைத் தவிர்த்துக் கண்காணிக்கின்றனர்; தவிர்க்க இயலாதபோது மிக மென்மையாகக் கையாளுகின்றனர். காரணம் அறிந்து கை வைத்தலே மருத்துவம். அவ்வறிவிற்கு அடிகோலியவருள் நம் சென்னை இயற்பியலாரும் உளர் என்பதை எண்ணி நான் பெருமிதம் கொள்கிறேன்.