ஒரு தண்டா, இரு தண்டா?

1970களில் ஓரிரவு, கொழும்பிலிருந்து பத்திரிகைக் கட்டுகளுடன் யாழ்ப்பாணம் புறப்பட்ட லொறி புத்தளத்துக்கு அப்பால் திடீரென நின்றது. சாரதிக்கு அருகில் இருந்த நான் இறங்கிப் பார்த்தேன். கியர்பெட்டியையும் பின்னச்சையும் இணைக்கும் 'புறொப்பலர் சாப்ட்' முன்மூட்டில் கழன்று, தார்வீதியில் குத்தி நின்றது. வேகம் குறைவாக இருந்தமையால் உயிர் தப்பினோம்.

அந்நினைவு அண்மையில் மீண்டது. தொரன்ரோவில் வாழும் என் மருமகன் 1969ஆம் ஆண்டின் நீண்ட செவர்லே சி-10 பிக்கப் ஒன்றை வாங்கி, நிலத்தில் தவழுமளவுக்குத் தாழ்த்தியிருக்கிறான். அறுபது மைல் வேகத்தில் வண்டி நடுங்குகிறதாம். "மாமா, சாப்டை ஒன்றாய்ப் போடுறதோ, இரண்டாய்ப் போடுறதோ?" என்று கேட்டான். பேனா பிடித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது! எனினும் பழைய பழக்கம், நூல்களைப் புரட்டினேன்.

இம்மூட்டுக்கு இத்தாலிய மருத்துவர் கார்டானோவின் பெயர் வழங்கினாலும், அதன் குணத்தை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஆங்கிலேயரான றொபேட் ஹூக். வளைந்த மூட்டினூடாகச் சுழற்சி சீராகச் செல்வதில்லை. ஒரு சுற்றில் இருமுறை விரைந்து, இருமுறை தளரும். பத்துப் பாகைக் கோணத்தில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் கூடிக் குறையும். இரு மூட்டுகளையும் சமகோணத்தில், கவைகள் ஒத்திருக்க அமைத்தால், ஒன்றின் கோளாறை மற்றது அழித்துவிடும்.

1898இல் லூயி ரெனோ சங்கிலியை விடுத்துத் தண்டைப் பூட்டினார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் தமது மூட்டுக்குக் காப்புரிமை பெற்று, மறுவருடம் நியூ ஜேர்சியில் உற்பத்தியைத் தொடங்கினார். அந்நிறுவனமே 1946இல் 'டானா' ஆயிற்று.

தண்டின் நீளம் இருமடங்கானால், அது வளைந்து துள்ளத் தொடங்கும் சுழற்சிவேகம் காற்பங்காகும். அதனாற்றான் 127 அங்குல அச்சிடைத்தூரம் கொண்ட நீண்ட சி-10 வண்டிகள் பெரும்பாலும் இரு துண்டுகளுடனும் நடுவே ஒரு பெயாரிங்குடனும் வந்தன. வண்டியைத் தாழ்த்தும்போது பின்னச்சு சட்டகத்தை நோக்கி மேலேறும். பெயாரிங்கோ சட்டகத்தோடேயே தங்கிவிடும். கோணங்கள் குலைய, ஹூக் கண்ட கோளாறு நடுக்கமாகத் திரும்பிவரும்.

"இரண்டாகவே இருக்கட்டும். பெயாரிங்கை உயர்த்து, பின்னச்சைச் சற்றுச் சரித்துக் கோணங்களை அளந்து ஒப்பாக்கு. பருத்த அலுமினிய ஒற்றைத் தண்டு குட்டை வண்டிக்கே பொருந்தும்" என்றேன். முன்மூட்டருகே தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையமும் பூட்டச் சொன்னேன்.

"அது எதுக்கு, மாமா?"

புத்தளக் கதையைச் சொன்னேன்.