'என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுச்சு?': ஜாங்கோவும் என்ஜின்எக்ஸும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

அது ஒரு வாக்கு எண்ணிக்கை நாள். முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில், தொகுதிவாரி முன்னிலையைக் காட்டும் பக்கத்தை நான்தான் செய்திருந்தேன். முந்தைய இரவு ஐந்தாறு பேர் திறந்து பார்த்தோம், ஒரு பிரச்னையும் இல்லை. காலை 8 மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. சற்று நேரத்தில் திரையில் '502 பேட் கேட்வே'. கோடில் பிழை இல்லை. கோடுக்கும் வாசகருக்கும் நடுவில் இருந்த சர்வர் செட்டிங்கை, என்னவென்று புரியாமலே காப்பி-பேஸ்ட் செய்திருந்தேன். அதுதான் பிழை.

அந்த 'நடுவில்' என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஃப்ரேம்வொர்க் என்ன செய்கிறது?

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ, ஒரு செய்தி அறையில் பிறந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' நாளிதழில் வேலை பார்த்த அட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ல் இதைத் தொடங்கினார்கள். 2005-ல் பொதுவெளிக்கு வந்தது. லாகின், டேட்டாபேஸ், அட்மின் பக்கம் போன்ற, எல்லா ஆப்புக்கும் தேவைப்படும் வேலைகளை அதுவே செய்துவிடும். நீங்கள் உங்கள் ஆப்புக்கே உரிய விஷயத்தை மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் ஜாங்கோவுடன் வரும் 'ரன்சர்வர்' சோதனைக்கு மட்டும்தான். நிஜப் பயன்பாட்டுக்கு அதை வைக்காதீர்கள் என்று ஜாங்கோவின் கையேடே எச்சரிக்கிறது. அந்த இடத்தில் பொதுவாக 'கூனிகார்ன்' வருகிறது. கோரிக்கைகளை வாங்கி ஜாங்கோவிடம் கொடுக்கும் பல வொர்க்கர்களை இது இயக்கும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

வொர்க்கர் எண்ணிக்கைக்கு கூனிகார்ன் கையேடு சொல்லும் தோராயக் கணக்கு: சிபியு கோர்களை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 4 கோர் என்றால் 9 வொர்க்கர். வழக்கமான வகை வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஒரு பக்கம் தயாராக 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 45 கோரிக்கை. அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல். பேருந்தில் போகும் ஒருவருக்கு சிக்னல் சரியில்லை, பக்கத்தை மெதுவாக இறக்குகிறார். அவர் முழுதாக வாங்கி முடிக்கும்வரை அந்த வொர்க்கர் காத்திருக்க வேண்டியதுதான். இப்படி 9 பேர் வந்தால், பத்தாவது ஆளுக்கு இடமில்லை.

என்ஜின்எக்ஸ் எங்கே வருகிறது?

ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிப்பது எப்படி என்பது 1990-களின் இறுதியில் பெரிய கேள்வியாக இருந்தது. ரஷ்யாவின் இகோர் சிசோயேவ் 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதற்கு வந்த விடைகளில் ஒன்று. இணைப்புக்கு ஒரு ஆளை ஒதுக்காமல், ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும். யாருக்கு வேலை இருக்கிறதோ அவரை மட்டும் கவனிக்கும்.

இதை ஜாங்கோவுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன கிடைக்கும்?

• மெதுவான போனுக்கு என்ஜின்எக்ஸ் பொறுமையாகப் பதில் அனுப்பும். வொர்க்கர் உடனே அடுத்த வேலைக்குப் போகலாம்.
• படம், சிஎஸ்எஸ் போன்ற கோப்புகள் ஜாங்கோவைத் தொடாமலே போய்ச் சேரும்.
• எச்டிடிபிஎஸ் பூட்டு, ஒரே ஐபியிலிருந்து வரும் அளவுக்கு மீறிய கோரிக்கைகளுக்குத் தடை, பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்புதல் எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.
• ஒரு பக்கத்தை ஒரே ஒரு விநாடி கேச் செய்தாலும் போதும். எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும், சரியாக அமைத்திருந்தால் அந்தப் பக்கத்துக்காக ஜாங்கோவிடம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கோரிக்கைதான் போகும்.

என் பக்கத்தில் விட்டுப்போனது இந்தக் கடைசி விஷயம். எல்லோரும் பார்த்தது ஒரே அட்டவணையைத்தான். அதை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொதுவான பக்கத்தை மட்டுமே இப்படி கேச் செய்யலாம். லாகின் செய்த பிறகு வரும் பக்கத்தைச் செய்தால், ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரையில் வரும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் கேம் தளத்தில் இதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட கேச் விதி தவறாகி, சுமார் 34,000 பேரின் தகவல்கள் மற்றவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அதன் நிறுவனமான வால்வ் ஒப்புக்கொண்டது.

இன்னொன்று, முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்பதால் எல்லாக் கோரிக்கையும் அதனிடமிருந்தே வருவதுபோல ஜாங்கோவுக்குத் தெரியும். வாசகரின் உண்மையான ஐபியையும், வந்தது எச்டிடிபிஎஸ் வழியா என்பதையும் ஹெடரில் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஜாங்கோ அவற்றை நம்பவும் தனியாக அமைக்க வேண்டும்.

502, 504: என்ன வித்தியாசம்?

இரண்டிலுமே என்ஜின்எக்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. 502 என்றால் பின்னால் இருப்பவர் போனையே எடுக்கவில்லை, அல்லது பாதியில் வைத்துவிட்டார். 504 என்றால் எடுத்தார், ஆனால் காத்திருந்தும் பதில் வரவில்லை. வழக்கமான வகை வொர்க்கர் 30 விநாடி சிக்கிக்கொண்டால் கூனிகார்ன் அதை நிறுத்திவிடும். என்ஜின்எக்ஸ் காத்திருப்பது 60 விநாடி. அதனால் கோட் மெதுவாக ஓடினாலும் பல நேரம் 502-தான் தெரியும். முதலில் கூனிகார்ன் லாகைத் திறந்து பாருங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா?

இல்லை. அலுவலகத்தில் இருபது பேர் பயன்படுத்தும் சின்ன ஆப் என்றால், இந்த வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் கிளவுட் சேவை ஒன்றில் போட்டுவிடலாம். ஆனால் ஒரே நிமிடத்தில் ஊரே வந்து கதவைத் தட்டும் நாள் உங்கள் ஆப்புக்கு உண்டு என்றால், அதற்கு முந்தைய வாரமே செயற்கையாகக் கூட்டம் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். ஐந்தாறு பேர் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது.