84 நாட்கள்: மருத்துவம் கற்பித்த பெண்களும் பிரசவ விடுமுறையும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, மருத்துவத்துறையில் பெண்கள் என்ற பொருளில் ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். எமது மாணவிகளில் யார் எப்போது வைத்தியரானார், யார் என்ன பட்டம் பெற்றார் என்ற விபரங்கள் கல்லூரிச் சஞ்சிகைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் இல்லாத ஒன்றை எழுதலாம் என எண்ணினேன். பட்டம் பெற்ற பெண், பிள்ளை பெற்ற பின்னரும் எவ்வாறு தொழிலில் நிலைத்தாள், அவளை நிலைக்க வைத்தவர்கள் யார் என்பதே அது. நான் மருத்துவபீடம் ஒன்றில் கற்பிப்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். எனவே மருத்துவம் கற்பிக்கும் பெண்களை முன்வைத்தே இதனை எழுதுகிறேன்.

ஆரம்ப காலம்

1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடக்கிப் பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அவரது முயற்சியால் தமிழில் வந்த மருத்துவ நூல்களில் பிரசவ வைத்தியம் பற்றியதும் ஒன்று. ஆயினும் அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் ஆண்களே. கொழும்பில் 1870 இல் ஆரம்பமான மருத்துவக் கல்லூரியும் 22 ஆண்டுகள் கழித்து, 1892 இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கு கற்று வெளியேறிய அலிஸ் டி போயர் இலங்கையின் முதற் பெண் வைத்தியராகக் கருதப்படுகிறார்.

வடக்கில் 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் திறக்கப்பட்டது. இசபெல்லா கேர் என்ற பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணியாற்றினார். ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய எமது பாட்டிமாரின் தாய்மார் மாட்டுவண்டியில் இணுவிலுக்குப் போன கதைகள் எங்கள் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்றன.

அக்காலத்தில் தொழிலும் குடும்பமும் ஒன்றாகப் போவது எவ்வளவு கடினம் என்பதற்கு வைத்தியர் மேரி இரத்தினத்தின் வாழ்க்கை நல்ல சான்று. கனடாவிலே பிறந்து அங்கேயே மருத்துவம் படித்த அவர், யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியராகப் பணியாற்றுவதற்கென 1896 இல் இங்கு வந்தார். ஆனால் அவர் கனகரத்தினம் என்ற தமிழரை மணந்திருந்தார். அந்தத் திருமணத்தை மிஷன் வட்டாரம் ஏற்கவில்லை. வந்த வேலை கையைவிட்டுப் போயிற்று. கொழும்புக்குச் சென்ற அவர், பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு அங்கே வைத்தியத் தொழில் செய்தார். 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 இல் மக்சேசே விருது பெற்றார். அவரது திறமை வீண்போகவில்லை என நாம் மகிழலாம். ஆனால் யாழ்ப்பாணம் ஒரு வைத்தியரை இழந்தது. அவரை இழக்கச் செய்தது அறிவுக் குறைவு அல்ல, ஒரு திருமணம்.

சட்டம் தந்த நாட்கள்

இன்று "பிரசவ லீவு" என்றவுடன் எமக்கு நினைவுக்கு வரும் 84 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1919 இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழில் மாநாடு, தொழிற்சாலைகளிலும் வணிக நிலையங்களிலும் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் விடுமுறை வேண்டும் என ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாட்கள். ஆக அந்தக் கணக்குக்கு எங்கள் சங்கத்தின் வயதைவிட அதிக வயது.

இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த பெண்களுக்கு முதன்முதலாக இந்த உரிமையைச் சட்டமாக்கியது. 1954 இல் வந்த கடை, அலுவலக ஊழியர் சட்டம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோரைக் கவனித்தது. 1993 இல் இலங்கை, மகப்பேற்றுப் பாதுகாப்புப் பற்றிய 103 ஆம் இலக்கச் சர்வதேச சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாட்களே என்ற வேறுபாடு நெடுநாள் நீடித்தது. 2018 இல் செய்யப்பட்ட திருத்தங்களின் பின்னரே எந்தப் பிள்ளைக்கும் 84 நாட்கள் என்றாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மூன்றாவது பிள்ளை பாதிப் பிள்ளையாக எண்ணப்பட்ட காலம் 2018 இல்தான் முடிந்தது என்பதை, அதைவிட வசதியான விதிகளின் கீழ் வேலை செய்யும் நாங்கள் மறக்கக்கூடாது.

அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவை வேறு. 2005 இல் வெளியான பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதற்கும் மேல் சம்பளமில்லாமல் 84 நாட்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகள் சேராத வேலை நாட்கள் என்பதால் முழுச் சம்பள லீவு நான்கு மாதத்துக்குக் கிட்ட வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ள பல்கலைக்கழகங்களும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. தகப்பனுக்கு மூன்று நாட்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று கிளினிக்கில் நாங்கள் தாய்மாருக்குச் சொல்கிறோம். அதை நாமே செய்வதற்கு முழுச் சம்பள லீவு போதாது. அரைச் சம்பளத்தையும் சேர்த்தே எடுக்கவேண்டும். வீட்டுக் கடனும் சீட்டுக்காசும் கட்டுகிற வீட்டில் அரைச் சம்பளம் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

நாட்களில் அடங்காத கணக்கு

மருத்துவபீட விரிவுரையாளரின் சிக்கல் லீவு முடிந்த மறுநாள்தான் தொடங்குகிறது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகுதியைப் பெறவேண்டும். இல்லாவிட்டால் பதவி நிரந்தரமாகாது. மருத்துவத்தில் அந்தத் தகுதிக்கான வழி, 1976 இல் ஒரு நிறுவனமாகத் தொடங்கி 1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாகவே பெரும்பாலும் செல்கிறது. தெரிவுப் பரீட்சை, பயிற்சி, எம்.டி. பரீட்சை, அதன்பின் வெளிநாட்டுப் பயிற்சி எனப் பல ஆண்டுகள் செல்லும். இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட அதே ஆண்டுகள்தான் பிள்ளை பெறும் ஆண்டுகளும்.

நோயாளரைப் பார்க்கும் துறைகளில் இன்னொரு சுமையும் உண்டு. நாங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்; போதனா வைத்தியசாலையில் வைத்தியர். ஒருவர் லீவில் நின்றால் அவரது விரிவுரையை ஒருவரும், விடுதி நோயாளரை இன்னொருவரும் ஏற்கவேண்டும். நான்கு பேர் உள்ள துறையில் அது எத்தகைய பாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சட்டம் தந்த லீவைக்கூட மன்னிப்புக் கேட்டபடி எடுக்கும் நிலை வருகிறது. நேர்முகத் தேர்வொன்றில் என்னிடம், "பிள்ளையை யார் பார்ப்பினம்?" என்று கேட்டார்கள். அதே நாளில் வந்திருந்த, கைக்குழந்தையின் தகப்பனான என் சக வைத்தியரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

என்னோடு ஒன்றாகப் படித்த தோழி ஒருத்தி உடற்கூற்றியலில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. நரம்பு ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வெண்கட்டியால் ஒரே கோட்டில் வரைந்து காட்டுவாள். கற்பிக்கவென்றே பிறந்தவள் என்று நாங்கள் சொல்வோம். முதற் பிள்ளை, மாமியாரின் நோய், கணவருக்குத் தூர இடமாற்றம் எல்லாம் ஒரே இரண்டு ஆண்டுக்குள் வந்தன. பரீட்சையை ஒருமுறை தள்ளினாள், இரண்டாம் முறையும் தள்ளினாள், பிறகு விரிவுரையாளர் பதவியையே விட்டுவிட்டாள். இப்போது ஒரு வைத்தியசாலையில் நல்ல வைத்தியராக வேலை செய்கிறாள். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அவளிடம் கற்றிருக்கக்கூடிய மாணவர் தொகையை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவளுக்கு எந்த லீவும் மறுக்கப்படவில்லை. லீவு முடிந்தபின் கைகொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

யாழ்ப்பாணத்து அனுபவம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978 இல் ஆரம்பமானது. அதன் பிள்ளைப் பருவம் முழுவதும் யுத்தத்திலே கழிந்தது. கற்பிக்க ஆளில்லாத அந்த ஆண்டுகளில் ஒருவர் போனால் ஒரு பாடமே நின்றுவிடும். அப்படியான காலத்திலே, இங்கிலாந்தில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்துக்கொண்டு 1986 இல் திரும்பி வந்தவர் வைத்தியர் ராஜினி திராணகம. உடற்கூற்றியல் துறையின் தலைவராக இருந்த அவர், இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். 1989 செப்டெம்பர் 21 அன்று, 35 ஆவது வயதில், வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வேறு பல காரணங்களுக்காக உலகம் நினைவுகூர்கிறது. நான் அவரை, அந்தக் காலத்தில் இரு குழந்தைகளோடு திரும்பிவந்து வகுப்பெடுத்த ஓர் ஆசிரியையாகவும் நினைத்துக்கொள்கிறேன்.

எனது காலம் அவ்வளவு கொடியதல்ல. மூத்த மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது பயிற்சிக்காகக் கொழும்பு சென்றேன். அம்மா தனது வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு என்னோடு இரவு பஸ்ஸில் ஏறினார். வெள்ளவத்தையில் கைக்குழந்தையோடு வருபவருக்கு அறை கொடுக்க யோசித்தார்கள். கடைசியில் அறை தந்தவர், எங்கள் கல்லூரியில் எனக்கு இருபது ஆண்டுகள் முன்னால் படித்த ஓர் அக்கா. சங்கத்தின் கொழும்புக் கிளையிலுள்ள ஒருவர் சொல்லித்தான் அவரிடம் போனேன். "எந்த இல்லம்?" என்று கேட்டார், சொன்னேன். "அப்ப உள்ளுக்கு வாரும்" என்றார். எம்.டி. பரீட்சைக்கு முதல்நாள் இரவு மகளுக்குக் காய்ச்சல். அம்மாவுக்கும் இயலாமல் இருந்தது. அடுத்த நாள் அந்த அக்கா தனது வேலைக்கு லீவு போட்டுப் பிள்ளையோடு நின்றார். எனக்கு அந்தத் தகுதியைத் தந்தது எந்தச் சுற்றறிக்கையும் அல்ல. ஓர் அம்மம்மாவின் இரண்டு ஆண்டுகளும் ஓர் அக்காவின் ஒரு நாள் லீவுமே தந்தன.

இது என் கதை மட்டுமல்ல. கடந்த நூறு ஆண்டுகளில் வைத்தியராக, விரிவுரையாளராக, பேராசிரியராக உயர்ந்த எங்கள் பெண்களில் பலருக்குப் பின்னால் பெயர் பதியப்படாத இன்னொரு பெண் இருக்கிறாள். அப்படி ஒருத்தி வாய்க்காதவர்கள் விலகிப் போனார்கள். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு துறையை நடத்தமுடியாது.

இனிச் செய்ய வேண்டியவை

வேறு நாடுகள் இதை விளங்கிக்கொள்ளத் தொடங்கியுள்ளன. பிரித்தானியாவில் 2005 இல் தொடங்கிய அதீனா சுவான் திட்டம், பெண் விஞ்ஞானிகளை நிலைக்க வைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு விருது வழங்கியது. 2011 இல் அங்கு தலைமை வைத்திய அதிகாரியாக இருந்த சலி டேவிஸ் பெரிய மருத்துவ ஆய்வு நிதியை அவ்விருதோடு தொடர்புபடுத்தவே, மருத்துவபீடங்கள் விழித்துக்கொண்டன. அமெரிக்காவில் 2015 இல் ஓர் அறக்கட்டளை, குடும்பப் பொறுப்பால் ஆய்வு தடைப்படும் இளம் வைத்திய ஆய்வாளருக்கு உதவியாளரை அமர்த்திக்கொள்ளப் பத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு நிதி கொடுத்தது. லீவு நாட்களைக் கூட்டுவதோடு நிற்காமல், லீவிலிருந்து திரும்பி வருபவரைத் தாங்குவதே இவற்றின் நோக்கம்.

எமது நாட்டிலும் லீவில் நிற்பவருக்குப் பதிலாக ஒருவரைத் துறைக்குத் தருதல், பீடத்துக்கு அருகில் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம், தகப்பன்மாருக்கு மூன்று நாட்களுக்கு மேலான லீவு, குழந்தை வளர்த்த ஆண்டுகள் பதவி உயர்வின்போது ஒருவருக்கு எதிராக நில்லாமை ஆகியவற்றைக் கேட்கவேண்டும். மருத்துவபீட வகுப்புகளில் இன்று பெண் பிள்ளைகளே அதிகம். நாளைய விரிவுரையாளர்களும் அவர்களே.

இவை அரசும் பல்கலைக்கழகங்களும் செய்யவேண்டியவை. சங்கம் செய்யக்கூடியவை வேறு. நூற்றாண்டு நினைவாக மண்டபமும் வளைவும் கட்டுவது பற்றிப் பேசப்படுகிறது, நல்லது. அதோடு கொழும்பில், பட்டப்பின் படிப்புக்கு வரும் தாய்மார் குழந்தையோடு தங்க இரண்டு அறைகளை ஒழுங்கு செய்ய முடியாதா? பரீட்சை நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் அக்காமாரின் தொலைபேசி இலக்கங்களைக் கொண்ட ஒரு பட்டியலைக் கிளைகள் வைத்திருக்க முடியாதா? அந்தப் பட்டியலில் எனது பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் ஏற்கெனவே கூறிவிட்டேன்.

எனது மகள் இப்போது எங்கள் கல்லூரியிலே, அந்த அக்காவின் இல்லத்திலேயே படிக்கிறாள். அவள் என்ன படிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. எதைப் படித்தாலும், அவளுக்காக நான் என் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டி வந்தால் மகிழ்ச்சியோடு போவேன். ஆனால் அப்படிப் போகத் தேவையில்லாத ஒரு நாடும் ஒரு சங்கமும் அவளுக்கு இருக்கவேண்டும் என்பதே, நூறாவது ஆண்டில் எமது கல்லூரி அன்னையிடம் நான் வைக்கும் வேண்டுதல்.