அம்மா நகையும் 16 ட்ராக்கும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி வந்து படிங்க :-)

அத்தை பையன் நல்லா பாடுவான். எங்க திருத்தணியில டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவுக்கு 365 படிக்கும் பூஜை பண்ணி, திருப்புகழ் பாடிக்கிட்டே மலை ஏறுவாங்க. அந்த மாதிரி கோஷ்டியில சின்ன வயசுலேர்ந்து பாடறவன். இப்ப மாடி ரூம்ல ஒரு ஸ்டுடியோ போட்டு முருகன் பாட்டு ரெக்கார்ட் பண்ணணுமாம். "அண்ணா, முதல்ல கீபோர்ட் வாங்கட்டுமா, லேப்டாப் வாங்கட்டுமா? அம்மா வளையலை அடகு வெச்சுத் தரேன்னுட்டாங்க. ரஹ்மான் அம்மாவும் அப்படித்தானே பண்ணாங்க?"

பொட்டி தட்டறவனுக்கு எல்லாப் பொட்டியைப் பத்தியும் தெரியும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, அதை விடுங்க. அவன் கடைசியா கேட்ட கேள்விதான் என்னை உட்கார வெச்சது. அம்மா நகையைக் கொடுத்தாங்க, மகன் 2009-ல் ரெண்டு ஆஸ்கர் வாங்கினார்னு எல்லாரும் கண்ணு கலங்கச் சொல்ற கதை அது. அந்த நகைக்கு என்ன சாமான் வாங்கினாங்கன்னு மட்டும் யாரும் கேட்கறதில்லை. வாங்கினது கீபோர்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு ரெக்கார்டர். ஃபாஸ்டெக்ஸ் கம்பெனியின் 16 ட்ராக். ஏன் அது? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பலருக்கு அரேஞ்சர். 1976-ல் அவர் இறந்தபோது பையனுக்கு 9 வயசு. அவர் சேர்த்து வெச்சிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் கொஞ்ச காலம் ஓடியது. கீபோர்ட்னா அந்த வீட்டுக்குச் சோறு. அப்புறம் பையனே கீபோர்ட் வாசிக்கப் போனார். எம்.எஸ்.வி., இளையராஜா, தெலுங்கில் ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று பலரிடம். (அன்னைக்குத் தெலுங்குப் பாட்டும் நிறைய மெட்ராஸ்லதான் பதிவாச்சு. ரெண்டு பாஷையும் காதுல விழற எங்க ஊர்க்காரங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.)

கோடம்பாக்கத்துல அப்போ பாட்டு எடுக்கற முறையே வேற. ஸ்டுடியோ கம்பெனியோடது, மணி கணக்குக்கு வாடகை. வயலின் கோஷ்டி, தபேலா, புல்லாங்குழல், பாடகர் எல்லாரையும் கால்ஷீட் போட்டுக் கூப்பிடணும். பழைய காலத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்க, பாடகர் அப்படியே பாடணும். ஒருத்தர் சறுக்கினா மறுபடி முதல்லேர்ந்து. பின்னாடி பல ட்ராக் டேப் வந்து கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது, ஆனா வாடகைக் கடிகாரம் மட்டும் நிக்கலை. 'இதை வேற மாதிரி பண்ணிப் பார்க்கலாமே'ன்னு தோணினா அந்த யோசனைக்கும் காசு கட்டணும்.

அந்த நேரத்துல உலகத்துல ரெண்டு விஷயம் நடந்தது. 1983 ஜனவரியில் அமெரிக்காவுல ஒரு வாத்தியக் கண்காட்சியில, ஒரு கம்பெனியோட சிந்தசைசரையும் வேற கம்பெனியோட சிந்தசைசரையும் ஒரு வயர்ல இணைச்சுக் காட்டினாங்க. சீக்வென்ஷியல் கம்பெனியின் ப்ராஃபெட் 600, ரோலண்டின் ஜூபிடர் 6. இதுல வாசிச்சா அது பாடும். அதுதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககெஹாஷியும் பல கம்பெனிகளைச் சேர்த்து, லைசென்ஸ் காசு எதுவும் கேட்காம திறந்து விட்ட தரம். அதே வருஷம் யமஹா டிஎக்ஸ்7 வந்தது, 1,995 டாலர். 80-கள் படப் பாட்டுல வர்ற அந்தக் கண்ணாடி மணி மாதிரி எலெக்ட்ரிக் பியானோ சத்தம் அதோடதுதான். ரெண்டு வருஷம் கழிச்சு, 1985-ல், மிடி சாக்கெட் கூடவே பொருத்தின வீட்டுக் கம்ப்யூட்டரா அடாரி எஸ்டி வந்தது. நம்ம ஊரும் ரொம்பப் பின்தங்கலை, இளையராஜா 1986-லேயே புன்னகை மன்னன் படத்துல கம்ப்யூட்டரை உள்ள கொண்டு வந்துட்டார்.

இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் குழம்பறாங்க. மிடி வயர்ல சத்தம் போகாது. 'இந்தக் கட்டையை இவ்வளவு வேகமா அழுத்து', 'இப்ப விடு'ங்கற உத்தரவு மட்டும்தான் போகும். நொடிக்கு 31,250 பிட். ஒரு நோட்டுக்கு 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னாடி பின்னாடி ஒரு பிட் சேர்த்து மொத்தம் 30 பிட். அதாவது ஒரு நோட்டுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். நம்ம பாஷையில சொன்னா ரொம்பச் சின்ன பாக்கெட். ஒரு முழுப் பாட்டோட மிடி தகவலும் சில பத்து கிலோபைட்ல அடங்கிடும்.

நிஜ சத்தத்தோட கணக்கு வேற. சிடி தரத்துல ஸ்டீரியோன்னா நொடிக்கு 1,76,400 பைட். அடாரி 1040 மாடலோட மெமரி 1 மெகாபைட். வகுத்துப் பாருங்க, 6 செகண்ட் கூட வராது! முதல் வரி பாடி முடிக்கறதுக்குள்ள பொட்டி நிறைஞ்சிடும். 16 ட்ராக்ல 5 நிமிஷப் பாட்டுன்னா 420 மெகாபைட்டுக்கு மேல வேணும். அன்னைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் இருந்தாலே பெரிய விஷயம், இருந்தாலும் 20, 40 மெகாபைட்தான்.

அதனால 80-கள் கடைசியில வீட்டு ஸ்டுடியோ போடறவங்க வேலையை ரெண்டாப் பிரிச்சாங்க. கீபோர்ட் வாசிப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல மிடியா உட்கார்ந்திருக்கும். அதை டேப்புல ஏத்தவே வேண்டாம். கடைசி மிக்ஸ் பண்ணும்போது கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்க, கீபோர்டுகள் எல்லாம் நேரடியா வாசிக்கும். 1988-ல் வந்த கோர்க் எம்1 மாதிரி ஒரே பெட்டியில ட்ரம்ஸ், பேஸ், பியானோ, ஸ்ட்ரிங்ஸ் எல்லாமே இருந்தது, அத்தனை ஒலி மாதிரிகளும் வெறும் 4 மெகாபைட்ல. டேப்போட ஒரு ட்ராக்ல மட்டும் நேரக் குறியீடு ஓடும், கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக்கிட்டே டேப்போட சேர்ந்து நடக்கும். மிச்சம் 15 ட்ராக் இருக்கே, அது யாருக்கு?

மனுஷங்களுக்கு. பாடகருக்கு, புல்லாங்குழலுக்கு, வீணைக்கு, கோரஸுக்கு. கம்ப்யூட்டரை 'இன்னொரு தடவை வாசி'ன்னா அலுக்காம வாசிக்கும். மனுஷன் ஒரு தடவை பாடினது பாடினதுதான், அதைப் பிடிச்சு வெக்கத்தான் டேப். கீபோர்ட் வாசிக்கறவர் வீட்டுல கீபோர்டுக்கு என்ன பஞ்சம்? தன்கிட்ட இல்லாத மத்தவங்க குரலையும் விரலையும் தன் வீட்டுல, தன் நேரத்துல பதிவு பண்ண வழியில்லாததுதான் குறை. நகை அந்த வழியைத்தான் வாங்கிக் கொடுத்தது.

ரஹ்மான் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் 1989-ல் ஆரம்பிச்சது. ரூமைக் கட்டி முடிச்சப்ப உள்ள ஏசி, ஒரு அலமாரி, தரையில கார்ப்பெட் அவ்வளவுதான், ஆம்ப்ளிஃபயர் வாங்கக்கூட காசில்லைன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல சத்தம் நுழையாத ரூம், அப்புறம் ரெக்கார்டர். நம்மாளுங்க கடைக்குப் போனா இதை அப்படியே தலைகீழாப் பண்றோம்.

அன்னைக்கு அந்தச் சாமான் என்ன விலைன்னும் யோசிக்கணும். 1991 பட்ஜெட்ல மன்மோகன் சிங் அதிகபட்ச சுங்க வரியைக் குறைச்சார். எவ்வளவுக்குத் தெரியுமா? 150 சதவீதத்துக்கு. குறைச்சதே அவ்வளவு! 100 ரூபாய் சாமான் மேல 150 ரூபாய் வரி. அதுக்கப்புறம் வருஷா வருஷம் இறங்கி 1995-ல் 50-க்கு வந்தது. ரஹ்மான் ஸ்டுடியோ போட்டது இந்த இறக்கத்துக்கெல்லாம் முன்னாடி. அடகுக்கடைக்குப் போன நகையோட எடையை இந்தக் கணக்கோட சேர்த்துப் பார்த்தாதான் புரியும்.

பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒருத்தர். இந்திப் படங்களுக்கு வாசிச்சவர். ரோலண்ட் ஜூபிடர் 8, டிஆர் 808, டிபி 303 மூணையும் வாங்கி வெச்சிருந்தார். இந்த மூணு பேரையும் எலெக்ட்ரானிக் இசை தெரிஞ்சவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, சாமி பேரைக் கேட்ட மாதிரி கன்னத்துல போட்டுக்குவாங்க :-) 1982-ல் அதுல பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சார். பதிவு பண்ணது ஹெச்.எம்.வி. ஸ்டுடியோவுல, ரெண்டே நாள்ல. விற்கலை. 2002-ல் டச்சுக்காரர் ஒருத்தர் அந்தத் தட்டைத் தேடி எடுத்து, 2010-ல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் 'இது ஆசிட் ஹவுஸ் இசை பிறக்கறதுக்கு முன்னாடியே வந்த ஆசிட் ஹவுஸ்'னு உலகம் வாயைப் பிளந்தது. அவர் 2015-ல் காலமானார். என் கணிப்பு, மெஷின் அவர்கிட்ட இருந்தது, ஸ்டுடியோ அவர்கிட்ட இல்லை. சொந்த ரெக்கார்டர் இருந்திருந்தா அந்த ரெண்டு நாள் ரெண்டு வருஷமா ஆகியிருக்கும், அடுத்த தட்டும் அதுக்கடுத்த தட்டும் வந்திருக்கும்.

பஞ்சதன்ல முதல்ல வந்த வேலை விளம்பர ஜிங்கிள்கள். முப்பது செகண்ட் பாட்டை விடிய விடிய இழைக்கலாம், கேட்க ஆளில்லை. அங்க அவர் போட்ட மெட்டுக்களைக் கேட்டுத்தான் மணிரத்னம் ரோஜாவைக் கொடுத்தார். சம்பளம் 25,000 ரூபாய். படம் 1992-ல் வந்தது, முதல் படத்துக்கே தேசிய விருது. அந்தப் பாட்டெல்லாம் கேட்டு 'என்னமோ சத்தம் புதுசா இருக்கே'ன்னு ஊரே சொன்னதுக்கு புதுக் கீபோர்டு மட்டும் காரணமில்லை. அதே கீபோர்டு அன்னைக்குப் பம்பாயிலயும் இருந்தது, மத்த ஸ்டுடியோக்கள்லயும் இருந்தது. அதை வெச்சுக்கிட்டு கால்ஷீட் கடிகாரத்தைப் பார்க்காம உட்கார முடிஞ்ச ஆள்தான் குறைவு. ராத்திரி வேலை பார்க்கறவர்னு அவரைப் பத்தி எல்லாரும் சொல்றதும் இதோட சேர்ந்ததுதான், வாடகை ஸ்டுடியோவுல அந்த வசதியெல்லாம் கிடையாது.

சரி, அத்தை பையன் விஷயம். அவன்கிட்ட சொன்னது இதுதான். 1989-ல் நகை வெச்சு வாங்கின ரெக்கார்டர் இன்னைக்கு உன் பழைய லேப்டாப்புக்குள்ளயே இருக்கு. 16 என்ன, 60 ட்ராக்கும் போடலாம். ரீப்பர்னு ஒரு மென்பொருள், தனி ஆளுக்கு 60 டாலர்தான். மேக் வெச்சிருந்தா கேரேஜ்பேண்ட் சும்மாவே வரும். பாடகனுக்கு வேண்டியது ஒரு நல்ல மைக், அதை லேப்டாப்போட சேர்க்க ரெண்டு இன்புட் உள்ள ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். கீபோர்ட் கடைசியா வாங்கு, சத்தமெல்லாம் மென்பொருள்லயே கிடைக்குது, மிடி கட்டைகள் மட்டும் போதும். பாடும்போது உன் குரல் உனக்கே லேட்டாக் கேட்டா பஃபர் அளவைக் குறை, 256 சாம்பிள் வெச்சா ஒரு பக்கத்துக்கு 6 மில்லிசெகண்ட்கூட ஆகாது. ஆனா காசு மிச்சமானா முதல்ல அந்த ரூமைக் கவனி. மாடி ரூம், மேல வெயில், கீழ பஸ் ஹாரன், கார்த்திகை அன்னைக்கு ஒலிபெருக்கி. தடிமனான திரை, பழைய மெத்தை, கதவு இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை. அத்தை வளையல் கையிலேயே இருக்கட்டும்.

மென்பொருள் தேர்வுல ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். ரஹ்மான் பயன்படுத்தற லாஜிக், முதல்ல இமேஜிக்ங்கற ஜெர்மன் கம்பெனியோடது, விண்டோஸ்லயும் ஓடினது. 2002-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கினதோட விண்டோஸ் பதிப்பு நின்னு போச்சு. விண்டோஸ்ல வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்க நடுத்தெருவுல. அதனால பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலா எடுத்து வெச்சுக்கணும், மிடியைத் தனியா. புராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பக்கூடாது.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்லை. எம்1-ல் ஸ்ட்ரிங்ஸ் பட்டன் வந்தப்ப ஒரு வயலின் கோஷ்டியோட கால்ஷீட்டும் குறைஞ்சது. கோடம்பாக்கத்துல காலையில பெட்டியைத் தூக்கிட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாப் போன எத்தனையோ கலைஞர்களுக்கு 90-கள் நல்ல காலம் இல்லை. வேடிக்கை என்னன்னா அந்த வயலினே ஒரு காலத்துல வெளிநாட்டுப் புது மெஷின்தான். எங்க திருத்தணி சன்னதியில முருகன் வாயில கற்கண்டு போட்டு, முத்துசுவாமி தீட்சிதர் முதல் கிருதியைப் பாடினார்னு ஐதீகம். அவரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரங்க வாசிச்ச வயலினைக் கத்துக்கிட்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தவர்களில் முன்னோடி. இருநூறு வருஷத்துல அது மாறி, கீபோர்ட் புதுசு, வயலின் பழசுன்னு ஆச்சு.

ரஹ்மான் 2008-ல் சென்னையில கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி ஆரம்பிச்சார். அதோட சேர்ந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவுல வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம வயலினும் செல்லோவும் சொல்லித் தர்றாங்க. அந்த ஸ்ட்ரிங்ஸ் பட்டன் இன்னைக்கு 500 ரூபாய் ஆப்லயே கிடைக்குது, வயலினைக் கத்துக்க இன்னமும் பத்து வருஷம் ஆகுது.