விடுதலைப் பத்திரம் - அக்கா தங்கைகளிடம் கையெழுத்து கேட்கத் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் எந்தச் சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் பத்திரம் எழுதுபவரைக் கேட்டால் கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று வரிசையாகச் சொல்வார். இதில் விடுதலைப் பத்திரம் கொஞ்சம் விசித்திரமானது. பல பேருக்குப் பொதுவாக இருக்கும் சொத்தில் ஒருவர், "என் பாகம் எனக்கு வேண்டாம்" என்று மற்ற பங்காளிகளுக்கு விட்டுக்கொடுப்பதுதான் இது. சொத்தில் ஏற்கெனவே பாகம் இருப்பவருக்குத்தான் விடுதலை எழுதலாம். வெளியாளுக்குக் கொடுப்பதென்றால் அதற்குக் கிரயமோ செட்டில்மெண்டோ தான்.

இன்று விடுதலைப் பத்திரம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கல்யாணமாகிப் போன அக்காவும் தங்கையும் வந்து போடும் கையெழுத்து. ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லை! காரணம் எளிது. விட்டுக்கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. மிதாட்சரச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே பங்கோடு பிறந்தவர்கள் ஆண்பிள்ளைகள் மட்டுமே. அந்நாளில் விடுதலை என்பது பெரும்பாலும் அண்ணன் தம்பிகள் சமாச்சாரம். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனியே போவார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது பலருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். 1937-ல் வந்த சட்டம் விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தந்தது. மகளுக்கு அதிலும் ஒன்றுமில்லை.

மாற்றம் வந்தது 1956-ல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தோடு. இதைக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். பூர்வீக நிலம் 12 ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவர் இறக்கும் முன்பே பாகம் பிரிந்ததாக வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு 4, மகன்களுக்கு 4, 4 என்று சட்டம் முதலில் பிரிக்கும். பிறகு அப்பாவின் 4 ஏக்கர் மட்டும் நான்கு பேருக்குப் போகும். மகனுக்கு 5 ஏக்கர், மகளுக்கு 1 ஏக்கர்! குடியிருக்கும் வீட்டிலோ, அண்ணன் தம்பிகள் பிரிக்க முன்வரும்வரை மகள் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்க முடியாது என்று தனியாக ஒரு பிரிவே (23) இருந்தது.

ஒரு ஏக்கர் என்றாலும் பாகம் பாகம்தானே? நிலத்தை விற்கப் போனால் வாங்குபவரின் வக்கீல், "தங்கச்சி கையெழுத்து எங்கே?" என்று கேட்பார். அப்போதுதான் தங்கையின் நினைவு வரும். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தோமே" என்பது வழக்கமான வாதம். சீரும் சொத்தில் பாகமும் ஒன்று என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்தும் பல பெண்கள் போட்டுக்கொடுத்தார்கள். நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்கப் பிறந்த வீட்டு வாசல் வேண்டுமே என்ற பயம் அது. ஒரு ஏக்கரைவிட அந்த வாசல் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

கலைஞர் கருணாநிதி ஆட்சியில் தமிழ்நாடு தனியாகத் திருத்தம் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 முதல் அது அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மகளும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளி. மேலே சொன்ன அதே வீட்டில் மகளின் 1 ஏக்கர் இப்போது மூன்றே முக்கால் ஏக்கர்! ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இது கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒரு கணக்கு, தங்கைக்கு ஒரு கணக்கு. கல்யாணப் பத்திரிகைகூட நீதிமன்றத்தில் சாட்சியாகும் நிலை. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேலியையும் 23-ம் பிரிவையும் எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை மட்டும் நீண்டது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

மகளின் பாகம் வளர வளர அவள் கையெழுத்துக்கு மதிப்பும் ஏறியது. முன்பு கேட்கப்படாத கையெழுத்து இப்போது வங்கிக் கடனுக்கும் வேண்டும், கிரயத்துக்கும் வேண்டும். வழக்குகள் பெருகியது இங்கேதான்.

சில வழக்குகள் பதிவு செய்யாத காகிதத்தால் வருபவை. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விடுவதென்றால் பதிவு கட்டாயம் என்கிறது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வெறும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் வாங்கிய கையெழுத்தை நம்பி வீடு கட்டியவர்களின் பாடு திண்டாட்டம். "காலேஜ் விஷயமாக என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்பது போன்ற ஏமாற்றுப் புகார்கள் இன்னொரு வகை. அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும்.

சிக்கலானது, அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதும் விடுதலை. அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் பிள்ளைகளுக்கு அப்போது உரிமையே கிடையாது. வரலாம் என்ற நம்பிக்கை மட்டுமே. நம்பிக்கையை மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறது 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ம் பிரிவு. அப்படியானால் அந்தப் பத்திரம் வெற்றுக் காகிதமா? தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் ஒரு மகன் 1975-ல் பணம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதிக்கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு முன்பே இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் தாத்தா சொத்தில் பங்கு கேட்டார்கள். பணத்தை வாங்கியவர் பிறகு பேச்சு மாற முடியாது, அவர் வழியாக வரும் பிள்ளைகளும் மாற முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறக்குறைய 48 வருடத்துக்கு முந்தைய கையெழுத்து!

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. அப்பா இறந்ததும் மகள்கள் பாசத்தில் தங்கள் பாகத்தை அம்மா பேருக்கே விடுதலை எழுதிவிடுவார்கள். அண்ணன்களும் அத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் அது இனி அம்மாவின் சொத்து. அம்மா உயில் எழுதாமல் கண்ணை மூடினால் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. எழுதிக்கொடுத்துவிட்டுப் போன அதே தங்கையின் பெயர் வாரிசுச் சான்றிதழில் மறுபடியும் வந்து நிற்கும்.