பெயருக்கு ஏது உறுதி?

கம்பஸ் காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ்த் தளம் நடத்தினோம். டொட் கொம் பெயர். வருடக் காசைக் கனடாவில் இருந்த நண்பர் ஒருவர் தன்ர கார்ட்டில் கட்டிவந்தார். அந்தக் கார்ட் காலாவதியானது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எவரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போயின. மூன்று மாதம் கழித்து ஆரோ ஒருவர் "உங்கட தளத்தில என்ன சூதாட்டம் நடக்குது?" எண்டு கேட்டபோதுதான் தெரிந்தது: பெயர் ஏலத்தில் போய்விட்டது. நாங்கள் வருடத்துக்குக் கட்டியதைப்போல இருபது மடங்கு விலைக்கு.

எங்கட பெயரை ஆர் விற்றது எண்டு கோபத்தோடுதான் தேடத் தொடங்கினேன். "எங்கட" என்ற சொல்லே சண்டைக்குரியது என்பது போகப்போகத்தான் விளங்கியது.

ஆரம்பத்தில் டொமைன் என்றே ஒன்று இருக்கவில்லை. வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரேயொரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் பெயின்லர் என்ற பெண்ணின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் கோப்பில் எழுதுவார்கள். கணினிகள் பெருகப்பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் இன்றைய டொமைன் முறையை வடிவமைத்தார். 1985 மார்ச் 15 அன்று மசசூசெட்ஸில் இருந்த சிம்பொலிக்ஸ் என்ற கணினிக் கம்பனி முதலாவது டொட் கொம் பெயரைப் பதிந்தது. விலை? ஒன்றுமில்லை. கேட்டால் தந்தார்கள்.

இந்தப் பெயர்களையும் எண்களையும் பங்கிடும் வேலையைக் கவனித்தவர் ஜோன் பொஸ்டல். நீண்ட தாடி வைத்த மனுசன். 1994 மார்ச்சில் அவர் எழுதிய ஒரு ஆவணம் டொமைன்களைப் பற்றி உரிமை, சொந்தம் என்று பேசுவதே பொருத்தமில்லை என்கிறது. சமூகத்துக்குச் செய்யும் சேவையையும் பொறுப்பையும் பற்றித்தான் பேசவேண்டுமாம். கோயில் தர்மகர்த்தா மாதிரி ஒரு நினைப்பு. தர்மகர்த்தாக்களுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதே 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மக்டொனால்ட்ஸ் டொட் கொம்மைத் தன் பெயரில் பதிந்து காட்டினார். அவ்வளவு பெரிய கம்பனி தன் பெயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடைசியில் ஒரு பாடசாலைக்குக் கணினி வசதி செய்து கொடுத்துத்தான் மக்டொனால்ட்ஸ் பெயரை வாங்கியது. 1995 செப்டெம்பரில் இலவசம் முடிந்தது. பதிவுப் பொறுப்பை வைத்திருந்த நெட்வேர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் கம்பனி இரண்டு வருடத்துக்கு 100 டொலர் அறவிடத் தொடங்கியது. அதே கம்பனியை 2000இல் வெரிசைன் 21 பில்லியன் டொலர் பெறுமதியான பங்குகள் கொடுத்து வாங்கியது.

இனித்தான் கதை. பெயர் கொஞ்சம் கூச்சமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் கேரி கிரெமன் என்பவர் செக்ஸ் டொட் கொம் என்ற பெயரை இலவசமாகப் பதிந்து சும்மா வைத்திருந்தார். அடுத்த வருடம் அக்டோபரில், சிறையிலிருந்து வந்து அதிக காலமாகாத ஸ்டீபன் கோஹன் என்பவர் நெட்வேர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். கிரெமனின் நிறுவனம் இந்தப் பெயரைக் கைவிடுகிறது, கோஹன் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. சுத்தப் பொய்க் கடிதம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை: கள்ள உறுதி. வேடிக்கை என்னவென்றால், கிரெமனின் நிறுவனத்தின் பெயர் "ஒன்லைன் கிளாசிபைட்ஸ்". தங்களிடம் நேரடி இணைய இணைப்பு இல்லாததால்தான் கோஹனிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறோம் என்று அந்தக் கடிதமே சொன்னது! பதிவுக் கம்பனி கிரெமனுக்கு ஒரு கோல்கூட எடுத்துக் கேட்காமல் பெயரை மாற்றிக் கொடுத்தது.

கோஹன் அதை வைத்துக் கோடிகள் உழைத்தார். கிரெமன் வருடக்கணக்கில் வழக்காடினார். 2000இல் பெயர் திரும்பிக் கிடைத்தது. நீதிமன்றம் 65 மில்லியன் டொலர் நட்டஈடும் கட்டச் சொன்னது. கோஹன் மெக்ஸிகோவுக்கு ஓடிவிட்டார், அவர் பிடிபட்டது 2005இல். ஆனால் முக்கியமான தீர்ப்பு வேறு. கவலையீனமாகப் பெயரைத் தூக்கிக் கொடுத்த பதிவுக் கம்பனி மீதும் கிரெமன் வழக்குப் போட்டிருந்தார். டொமைன் தொட்டுணரக்கூடிய பொருள் இல்லை, ஆகவே அதைப் பறிகொடுத்ததற்குப் பொறுப்புக் கூற வைக்க முடியாது என்ற வாதம் கீழ்நீதிமன்றத்தில் எடுபட்டது. 2003 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. டொமைன் ஒரு சொத்துத்தான். அதைப் பதிவது காணிக் கந்தோரில் காணி பதிவது போன்றது என்று நீதிபதிகள் ஒப்பிட்டார்கள்.

பொஸ்டல் 1998இலேயே இறந்துவிட்டார். அவர் பொறுப்பு என்று சொன்னது ஐந்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் காணியாகிவிட்டது. செக்ஸ் டொட் கொம் 2010இல் 13 மில்லியன் டொலருக்குக் கைமாறியது.

காணி என்றானபின் காணித் தரகர்கள் வராமல் இருப்பார்களா? உண்மையில் அவர்கள் தீர்ப்புக்கு முன்னமே வந்துவிட்டார்கள். பிஸ்னஸ் டொட் கொம் 1997இல் 150,000 டொலருக்குப் போனது, இரண்டு வருடத்தில் 7.5 மில்லியன். 2019இல் வொய்ஸ் டொட் கொம் 30 மில்லியன். யூடியூபில் "டொமைன் வாங்கி விற்றுக் கோடீஸ்வரர் ஆகலாம்" என்பவர்கள் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். வருடாவருடம் காசு கட்டி, ஒருவரும் கேட்காமல், கடைசியில் கைவிடப்படும் பெயர்களை எவரும் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால், சுவீப் டிக்கெட் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அமெரிக்காவில் ஒருவர் பனாவிஷன் டொட் கொம்மைப் பதிந்து, அதில் இலினோய் மாநிலத்துப் பனா என்ற சிற்றூரின் படங்களைப் போட்டுவிட்டு, கமராக் கம்பனியிடம் 13,000 டொலர் கேட்டார். 1998இல் வழக்கில் தோற்றார். 1999இல் சட்டமும் சர்வதேசத் தகராறு முறையும் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை வர்த்தக முத்திரை. முன்னூறு பிரதி அச்சடித்த சிற்றிதழிடம் அது எங்கே இருக்கும்?

எங்கட பெயர் போன வழியும் களவில்லை. டொட் கொம் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனம் சில கிழமை பொறுக்கும், அதற்குள்ளேயே பல நிறுவனங்கள் அதை ஏலத்தில் போட்டுவிடும். ஒருவரும் எடுக்காவிட்டால் 30 நாள் மீட்புக்காலம், அப்போது பழையவர் தண்டக்காசு கட்டி எடுக்கலாம். பிறகு 5 நாள். அதற்குப் பிறகு பெயர் விழும், விழும் நொடியில் பிடிக்கவென்றே நிரல்களோடு கம்பனிகள் காத்திருக்கின்றன. தமிழ்ச் சிற்றிதழின் பெயர் அவர்களுக்கு எதற்கு? பெயர் தேவையில்லை. பத்து வருடமாக மற்றவர்கள் கட்டுரைகளில் எங்களுக்குக் கொடுத்த இணைப்புகள்தான் தேவை. அந்த இணைப்புகளைப் பார்த்துத் தேடுபொறி நம்பும், சூதாட்டத் தளம் மேலே வரும். முதலாவது டொட் கொம்மும் இப்படித்தான்: சிம்பொலிக்ஸ் நொடித்துப்போய்ப் பலகாலம் கழித்து, 2009இல், ஒரு டொமைன் முதலீட்டாளர் அதன் பெயரை வாங்கினார்.

எங்களுக்கு 1990 முதல் டொட் எல்கே இருக்கிறது. 2010இல் "இலங்கை" என்று தமிழிலேயே முடியும் முகவரியும் வந்தது. அதை ஒரு நோட்டீஸிலாவது கண்டிருக்கிறீர்களா? இந்தமுறை நாங்கள் டொட் எல்கே எடுத்திருக்கிறோம். நினைவூட்டல் மூன்று பேரின் போனுக்கு வரும். பழைய கட்டுரைகளில் பாதியை வேபக் மெஷினிலிருந்து இறக்கியாயிற்று. கவிதைப் பக்கங்கள் கிடைக்கவில்லை. எழுதியவர்களில் ஒருவர் இப்போது இல்லை, அவரிடமும் பிரதி இருந்திருக்காது. எங்களுக்கு இணைப்புக் கொடுத்த தளங்களுக்கு இணைப்பை மாற்றச்சொல்லி ஒவ்வொன்றாக மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.