பேரொலி தேடிய வரலாறு

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு ஒலி அலங்காரப் பொருளன்று. அது வாழ்க்கைத் தேவை. சப்பிரகமுவை மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே ஒரு தோட்டத்தின் லயங்கள் எல்லாம் ஓரிடத்தில் அமைந்தவை அல்ல. ஒரு வரிசை மேட்டிலும், மற்றொன்று ஓடைக்கு அப்பாலும், வேறொன்று இறப்பர் மரங்களின் இருளுக்குள்ளும் இருக்கும். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில், பொழுது புலருமுன்னே அத்தனை பேரையும் எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த கருவி தப்பு. மழை இரைந்தாலும் மூடுபனி கவிந்தாலும் அதன் ஓசை குன்றுகளைக் கடந்து சென்றது.

இத்தப்பு இங்கு வந்த வரலாறு தோட்டங்களின் வரலாற்றோடு பிணைந்ததாகும். 1869 ஆம் ஆண்டு முதல் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றி அழித்தது. அதன்பின் மலைநாட்டிலே தேயிலை பரவியது. 1876 இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தை இறப்பர் நாற்றுக்கள் வந்தடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் ஈரம் மிக்க தாழ்குன்றுகளில் அம்மரம் பெருகிற்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய இடங்களிலே கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் சுமந்து வந்தவை மிகச் சில. அச்சிலவற்றுள் தப்பும் ஒன்று. காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் அதுவே முழங்கியது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியற்காலப் பறையோசைக்கு இடமளித்தமை வியப்பன்று.

தப்பின் அமைப்பு எளியது. மரச்சட்டத்தை வட்டமாக இணைத்து, ஒரு முகத்தில் மட்டும் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவர். மெல்லிய நீண்ட குச்சி ஒன்றும், தடித்த குறுங்குச்சி ஒன்றும் கொண்டு அடிப்பர். ஆயின் இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. ஈரம் பட்ட தோல் தளரும். தளர்ந்த தோல் வெறும் ‘தொம்’ என்னும் ஓசையையே தரும். ஆகவே அடிக்கத் தொடங்குமுன் தீமூட்டித் தப்பைக் காய்ச்சுவர். சூடு குறைந்தால் ஓசை எழாது. சூடு மிகுந்தால் ஓசை கீச்சிடும், தோலும் கிழியக்கூடும். எவ்வளவு காய்ச்சுவது என்பதே கலைஞனின் தேர்வு. அவன் தேடுவது பேரொலி மட்டுமன்று. ஒவ்வோர் அடியும் தனித்தனியே கேட்கும் தெளிவையும் தேடுகிறான்.

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. தோலும் நரம்பும் அங்கே உடன்பிறந்தவை போல நிற்கின்றன. எனினும் பிற்காலச் சமூகம் நரம்பிசையை உயர்த்தி, தோலிசையைத் தாழ்த்தியது. தப்படித்தோரைத் தள்ளி வைத்தது. ஆனால் அவர்களின் ஓசையின்றி ஒரு சாவையும் நடத்த அதனால் இயலவில்லை. ஓசை வேண்டும், ஓசை தருபவன் வேண்டாம் என்னும் இம்முறைகேடு தோட்டங்களுக்கும் கப்பலேறி வந்தது.

உலகின் மறுபுறத்தில் நரம்பிசைக் கருவி ஒன்றுக்கு வேறொரு குறை இருந்தது. கிற்றாரின் குரல் மெலிது. 1920களில் அமெரிக்க நடன அரங்குகளிலே எக்காளமும் முரசும் முழங்கியபோது கிற்றார் வாசிப்பவன் கைவிரல் அசைவதைக் கண்டார்களேயன்றி, ஓசையைக் கேட்டாரில்லை. காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831 இலேயே கண்டறிந்திருந்தார். நூறாண்டுகளின் பின், 1931 இல், ஜோர்ஜ் போஷாம் என்பவர் அவ்வுண்மையைக் கிற்றாரில் ஏற்றினார். உருக்குத் தந்திகளைச் சூழக் காந்தத்தையும், அவற்றின் கீழே கம்பிச்சுருளையும் வைத்தார். தந்தி அதிர்ந்ததும் சுருளில் மின்னலை எழுந்தது. இவ்வுறுப்பே இன்று ‘பிக்கப்’ என வழங்குவது. அடொல்ஃப் ரிக்கன்பாக்கருடன் சேர்ந்து 1932 இல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த அலுமினியக் கிற்றாரை அதன் உருவம் பற்றிப் ‘பொரிக்கும் சட்டி’ என்றே மக்கள் அழைத்தனர். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியும் இவ்விதியின் மறுபக்கமே. பிக்கப்பில் அசைவு மின்னாகிறது. ஒலிபெருக்கியில் மின் அசைவாகிறது.

புதிய குரலோடு புதிய தொல்லையும் வந்தது. கம்பிச்சுருள் தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் பற்றிக்கொண்டது. மாறுதிசை மின்னோட்டம் அமெரிக்காவில் நொடிக்கு 60 முறையும், இலங்கையில் 50 முறையும் ஊசலாடுகிறது. அவ்வூசலே ‘ம்ம்’ என்னும் முனகலாய் ஒலிபெருக்கியிற் கேட்கும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955 இல் இதற்கு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரு சுருள்களை எதிரெதிராய் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். இரைச்சல் இரண்டிலும் எதிர்மாறாய் வந்து தம்முள் அழிந்தது. தந்தியின் ஒலியோ கூடிப் பெருகியது. இதுவே ‘ஹம்பக்கர்’.

‘ஹெவி மெட்டல்’ என்னும் வன்னிசை பிறந்த இடமும் ஒரு தொழிலாளர் ஊரே. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்னும் இளைஞர், தமது பதினேழாம் வயதில், வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளிலே, இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். தந்தியை அழுத்தும் கையின் விரல்கள் அவை. தீக்காயத்தால் விரல் முடங்கியும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அவருக்கு ஊக்கம் தந்தது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, தோலால் மூடி, மெல்லிய தந்திகளைக் கட்டி மீண்டும் வாசித்தார். 1970 பெப்ரவரி 13 இல் வெளியான ‘பிளாக் சபத்’ குழுவின் முதல் இசைத்தொகுப்பு இவ்வாறே உருவாயிற்று. அதன்பின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: அவ்வளவு கனத்த ஓசைக்கு அவர் துணைக்கொண்டது, உயர்ந்த அதிர்வுகளை மிகுவிக்கும் ஒரு சிறு மின்பெட்டி. கனத்துக்குள்ளே தெளிவு இருந்தமையாலேயே அது இசையாயிற்று.

அவ்விசையைப் பின்பற்றியோர் மேலும் வலிய பிக்கப்புகளை நாடினர். லாரி டிமார்சியோ 1970களின் தொடக்கத்தில் ‘சூப்பர் டிஸ்டோர்ஷன்’ என்பதைச் செய்தார். பழைய ஹம்பக்கரின் மின்தடை ஏறக்குறைய 7 முதல் 9 கிலோ ஓம். இதிலோ 13 கிலோ ஓமுக்கு மேல். சுற்றுகள் மிகுந்தன, அல்னிக்கோ காந்தத்துக்குப் பதிலாக வலிய செராமிக் காந்தம் வந்தது. ரொப் டேர்னர் 1976 இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் ‘ஈ.எம்.ஜி.’ எனப் பெயர் பெற்றது. அது வேறு வழியிற் சென்றது: சுற்றுகளைக் குறைத்து, 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கியைப் பிக்கப்பினுள்ளேயே வைத்தது. மெட்டாலிக்கா குழுவினர் அதனைக் கையாண்டனர்.

இனி, தேர்வு செய்வோன் எதைக் கருத வேண்டும்? சுற்றுகள் மிகுந்தால் மின்னலை வலுக்கும். பெருக்கி விரைவில் நிரம்பி உறுமும். ஆனால் சுருளின் தூண்டுதிறன் ஏறுவதால் உயர்ந்த அதிர்வுகள் மங்கும், ஓசை கலங்கும். மின்தடையின் எண்ணை மட்டும் பார்த்து வலிமையை அளத்தல் தவறு; மெல்லிய கம்பியைச் சுற்றினாலும் அவ்வெண் ஏறும். வலிய காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் வைத்தால் அது தந்தியையே இழுக்கும். சுரம் பிசகும், நாதம் விரைவில் அடங்கும். பொதுவாக, செராமிக் காந்தம் வெட்டென்ற தொடக்கத்தையும், அல்னிக்கோ மென்மையையும் தரும். சுருதியைத் தாழ்த்தி வாசிப்பவனுக்கு, கீழ்த்தந்தி சேறாகாதபடி இறுக்கமும் தெளிவும் உடைய பிக்கப்பே தகும். அதனையும் தந்தியின் கடைமுனைப் பக்கம், அதாவது பாலத்தின் அருகே, பொருத்துவதே வன்னிசை வழக்கம். அங்கே தந்தியின் அசைவு குறைவு. ஆதலால் வலிமை தேவை. அங்கே ஓசை கூர்மை மிக்கது. ஆதலால் அடிகள் தனித்தனியே கேட்கும்.

இவ்விதிகளைத் தப்பு காய்ச்சிய கை ஏற்கெனவே அறிந்திருந்தது. அளவு மிஞ்சிய சூடும் அளவு மிஞ்சிய சுற்றும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். அடியை அடியாகக் கேட்கச் செய்யாத பேரொலி வெறும் இரைச்சலே. பேர்மிங்ஹாம் தொழிற்சாலையும் சப்பிரகமுவைத் தோட்டமும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டிலும் உழைப்பவனே பேரொலியைத் தேடினான். அங்கே காயம்பட்ட விரல் கொண்டவனைக் கலைஞன் என உலகம் மதித்தது. இங்கே விடியுமுன் எழுந்து ஊரையே எழுப்பியவனுக்கு அம்மதிப்பு நெடுங்காலம் கிட்டவில்லை.

பல தோட்டங்களில் மணியும் சங்கொலியும் பிரட்டுத் தப்பின் இடத்தைப் பற்றிக்கொண்டன. லயத்தில் வளர்ந்த இளைஞன் இன்று உழைத்துச் சேர்த்த பணத்தில் மின்கிற்றார் வாங்கலாம். பிக்கப்புகளை ஒப்பிட்டு ஆராயலாம். அது நன்றே. அவனுடைய செவி அப்போது நாடும் வன்மையும் தெளிவும் புதியன அல்ல. அவனுடைய பாட்டன், ஈரமான ஒரு விடியலில், தீயருகே தப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலாற் சுண்டிக் கேட்டுத் தேர்ந்தவை அவையே.